பங்காளர் சபை மேசை: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும்

இந்த வேலையில் நான் எழுதிய முதல் அறிக்கையிலேயே ஒரு பொய் இருந்தது. தையல் பயிற்சியில் சேர்ந்த 20 பெண்களும் பயிற்சியை முடித்தார்கள் என்று எழுதினேன். முடித்தவர்கள் 14 பேர்தான். மீதி ஆறு பேர் ஏன் நின்றார்கள் என்று விசாரிக்க நேரமில்லை. மறுநாள் அறிக்கை போயாக வேண்டும். எட்டு மாதம் கழித்து வெளிநாட்டுப் பங்காளர் சபையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கொடுத்த டீ ஆறுவதற்குள், "அந்த 20 பேரையும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பாதியில் நின்ற பெயர்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, "இவர் ஏன் நின்றார்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே இரண்டு வீடுகளுக்குப் போனோம். வகுப்பு ஐந்தரை மணிக்கு முடியும். அவர்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. அவ்வளவுதான் காரணம். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் "பஸ் 5.00" என்று குறித்துக்கொண்டேன். அடுத்த ஆண்டு வகுப்பு காலையில் நடந்தது.

லுத்தரன் சபைகளின் தலைமை அலுவலகங்களிலும், சமூகப் பணித் துறைகளிலும், பள்ளி விடுதிகளிலும் வெளிநாட்டுப் பங்காளர் சபைகளோடு தொடர்பைக் கவனிக்கும் மேசை ஒன்று இருக்கும். சில இடங்களில் அதற்குத் திட்ட அலுவலர் என்று பெயர். சில இடங்களில் பெயரே இருக்காது. ஓர் இளம் ஐயர் (சபைப் போதகர்) தலையில் கூடுதல் பொறுப்பாக விழுந்திருக்கும். எப்படி வந்திருந்தாலும் வேலை ஒன்றுதான்: கடலுக்கு இந்தப் பக்கத்து உண்மையை அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்து உண்மையை இந்தப் பக்கத்துக்கும் சேதமில்லாமல் கொண்டுசேர்ப்பது. பணம், பயணம், படம், பாராட்டு எல்லாம் அதற்குப் பிறகு. இதில் புதிதாகச் சேர்கிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதலில் உறவுமுறை தெரிய வேண்டும்

கல்யாண வீட்டுக்குப் போனால் யார் மாமா, யார் சித்தப்பா என்று தெரிந்துகொண்டுதான் பேச்சைத் தொடங்குவோம். இங்கேயும் அப்படியே. "லுத்தரன்" என்ற ஒரே பெயரில் பல குடும்பங்கள் இருக்கின்றன.

லுத்தரன் உலகக் கூட்டமைப்பு 1947-ல் சுவீடனின் லுண்ட் நகரில் உருவானது. தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. சுமார் 150 சபைகள் அதில் உறுப்பினர்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்தக் குடும்பம். அமெரிக்காவின் மிசூரி சினாட் என்ற லுத்தரன் சபை அந்தக் கூட்டமைப்பில் சேரவில்லை. அதன் ஊழியத்தால் பிறந்தது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. சுவீடன் சபை 1958-ல் பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்க முடிவெடுத்து, 1960-ல் அபிஷேகம் செய்தது. மிசூரி சினாட் இன்றும் ஏற்பதில்லை. வருகிற விருந்தினர் எந்தக் குடும்பம், அவரோடு திருவிருந்து ஐக்கியம் உண்டா, வருகிற போதகர் பெண்ணா என்பதெல்லாம் ஞாயிறு காலை ஆலய வாசலில் தெரியவேண்டிய செய்திகள் இல்லை. ஒரு மாதம் முன்பே தெரிந்து, சபையாருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் பங்காளருக்கு வேறு பங்காளர்களும் உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனுக்குத் தமிழகத்தோடு டான்சானியாவும் பப்புவா நியூ கினியும் பங்காளர்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால், அது கிளிமஞ்சாரோ அடிவாரத்துச் சபைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். மேசையில் ஒரு தாளை ஒட்டி, யாருக்கு யார் என்ன உறவு என்று படமாக வரைந்து வையுங்கள். முதல் வாரத்து வேலை இது.

2. இந்த மேசைக்கு 300 வயது

1706 ஜூலை 9 அன்று லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக். ஆட்களும் ஆதரவும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. பின்னால் அச்சு இயந்திரம் அனுப்பியது லண்டனில் இருந்த ஆங்கிலிக்கச் சங்கம். இன்று "மூன்று நாட்டுக் கூட்டுத் திட்டம்" என்கிறோமே, அது அன்றே நடந்தது. இன்று உங்கள் மேசைக்கு வரும் சிக்கல்களும் அன்றே வந்துவிட்டன.

பணச் சிக்கல் முதலில். 1708-ல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பணப்பெட்டி, கரை சேரும் நேரத்தில் கடலில் விழுந்து போய்விட்டது. அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது தலைமையகத்தோடு கருத்து வேறுபாடு. 1714-ல் கோபன்ஹேகனில் மிஷன் ஆணையம் அமைந்தது. அதன் செயலர் வெண்ட், கட்டடங்களிலும் நிறுவனங்களிலும் செலவு செய்யாமல் அப்போஸ்தலர்களைப் போல எளிமையாக ஊழியம் செய்ய வேண்டும் என்று தரங்கம்பாடியைக் கண்டித்து எழுதினார். அங்கோ பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள், அச்சகம் இருந்தது, 1718-ல் புதிய எருசலேம் ஆலயமும் எழுந்தது. களத்தைப் பார்க்காதவர் எழுதிய கடிதம் களத்தில் இருந்தவரின் நெஞ்சைப் புண்ணாக்கியது. 1719-ல் சீகன்பால்க் இறந்தபோது அவருக்கு வயது 36.

மூன்றாவது சிக்கல்தான் நாம் அதிகம் படிக்கவேண்டியது. தமிழரின் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் பெரிய நூல் ஒன்று எழுதி 1713-ல் ஹாலேவுக்கு அனுப்பினார். மக்களிடம் கேட்டும் ஓலைச்சுவடிகளைப் படித்தும் எழுதிய நூல். ஹாலே அதை அச்சிட மறுத்தது. அது அச்சேறியது 1867-ல், சென்னையில். களத்திலிருந்து போன அறிவைத் தலைமையிடம் பெட்டியில் பூட்டிவைத்தது ஒன்றரை நூற்றாண்டு. அதே ஹாலே 1710 முதல் மிஷனரிகளின் அறிக்கைகளை அச்சிட்டுக் காணிக்கை கொடுப்போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்க விரும்பியதைக் கேட்டார்கள். மற்றதைப் பெட்டியில் வைத்தார்கள். இந்தப் பழக்கம் இரண்டு பக்கமும் இன்னும் போகவில்லை.

இன்னொரு பாடத்தை முதல் உலகப் போர் கற்றுக்கொடுத்தது. ஜெர்மன் மிஷனரிகள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சுவீடன் சபையின் மிஷன் பொறுப்பை ஏற்றது. அந்த நெருக்கடிக்கு நடுவில் 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1956-ல் ஆர்.பி. மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். எந்தப் பங்காளரும் ஒரே இரவில் இல்லாமல் போகலாம். எந்தத் திட்டத்துக்கும் "அவர்கள் வராவிட்டால்?" என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள்.

3. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சமூகப் பணிப் படிப்பு, வணிகவியல், இறையியல் எதுவானாலும் இந்த மேசைக்கு வரலாம். ஆனால் மூன்று திறமைகள் இல்லாமல் நிலைக்க முடியாது.

எளிய ஆங்கிலத்தில் சிறிய வாக்கியங்கள் எழுத வரவேண்டும். படிக்கிற ஜெர்மானியருக்கும் சுவீடன்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். அலங்காரம் செய்தால் இரண்டு பக்கமும் குழம்பும்.

வரவு செலவைப் படிக்கத் தெரியவேண்டும். கணக்கர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் தப்பிக்க முடியாது. நீங்கள் எழுதும் அறிக்கையும் அவர் தரும் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும்.

கிராமத்துச் சபையில் கீழே உட்கார்ந்து பேச்சுக் கேட்கத் தெரியவேண்டும். உபதேசியாரும் விடுதிச் சமையல்கார அம்மாவும் சொல்வது எந்தக் கோப்பிலும் இருக்காது.

சேரும்போது ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: சம்பளம் சபையின் பொது நிதியிலிருந்தா, திட்ட நிதியிலிருந்தா? திட்ட நிதி என்றால் திட்டம் முடியும் நாளில் வேலையும் முடியலாம். காலவரையறை, வருங்கால வைப்பு நிதி, நீட்டிப்பு வாய்ப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஊழியம் என்று சொல்லிக்கொண்டு இதைக் கேட்காமல் விட்டவர்கள் பின்னால் கசந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். இங்கே கற்கும் அறிக்கை, கணக்கு, களப்பணி மூன்றும் எந்தத் தொண்டு நிறுவனத்திலும் செல்லுபடியாகும். அந்தத் தைரியத்தோடு பேசுங்கள்.

4. அறிக்கை: பதினாலு என்றால் பதினாலு

நல்ல அறிக்கைக்கு நான்கு கேள்விகள் போதும். என்ன செய்வதாகச் சொன்னோம்? என்ன நடந்தது? வித்தியாசம் ஏன்? அடுத்து என்ன மாற்றுகிறோம்? முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். உறவை வளர்ப்பவை பின்னிரண்டும்.

"வித்தியாசம் ஏன்" என்ற பத்தி இல்லாத அறிக்கையை நான் இப்போது கையெழுத்துக்கு அனுப்புவதே இல்லை. குறையைச் சொன்னால் பணம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த ஆறு பெண்களின் கதையை உள்ளபடி எழுதி அனுப்பிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்கு ஒப்புதல் எளிதாகக் கிடைத்தது. எல்லாம் நூறு சதவீதம் என்று எழுதினால் அங்கே படிக்கிறவர் சிரிப்பார், அல்லது சந்தேகப்படுவார்.

படங்களில் கவனம் வேண்டும். பிள்ளையின் முகம், பெயர், ஊர் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஐரோப்பாவில் 2018 முதல் தனிநபர் தரவுச் சட்டம் கடுமையாகிவிட்டதால் பங்காளர்களே இதைக் கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்காக மட்டும் செய்ய வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளையின் படம் தெரியாத ஊரில் காணிக்கைப் பெட்டிக்கு மேல் தொங்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

5. பணம்: சட்டம் முதலில், அன்பு அடுத்து

இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் வாங்குவது 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இந்த விதிகள் தலைகீழாக ஒப்பிக்குமளவுக்குத் தெரிய வேண்டும்:

- பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். முடியும் தேதியைக் காலண்டரில் சிவப்பில் குறித்து, புதுப்பிக்கும் வேலையைப் பல மாதம் முன்பே தொடங்குங்கள்.
- பணம் முதலில் வரவேண்டியது புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்கு மட்டுமே. உள்ளூர்க் கிளைக்கு நேரே அனுப்பச் சொல்லவே கூடாது.
- வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது, அந்த அமைப்பும் பதிவு பெற்றதாக இருந்தாலும்.
- நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 சதவீதம் வரை இடமிருந்தது. பழைய பட்ஜெட்டைப் பார்த்து அப்படியே எழுதாதீர்கள்.
- ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இங்கே நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஜெர்மனியிலும் சுவீடனிலும் திட்டக் கணக்கு பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஒரே பணத்துக்கு இரண்டு கணக்கு கேட்பார்கள். ஆண்டுக் கடைசியில் தவிக்காமல் மாதாமாதம் இரண்டு பட்டியலாகப் போட்டு வந்தால் தலைவலி குறையும்.

அன்போடு வரும் விருந்தினர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு உறையை ஐயரின் கையில் வைப்பார். அதை மறுப்பது கஷ்டம். வாங்கினாலோ சட்டச் சிக்கல். அவர் விமானம் ஏறுமுன்பே, எந்த அன்பளிப்பும் தலைமை அலுவலகத்தின் வங்கிக் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும் என்று எழுதிவிடுங்கள். முன்பே சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை.

6. விருந்தினர் வருகிறார்

நம் வழக்கம் தெரிந்ததுதான். மேளம், மாலை, சால்வை, ஏழெட்டு வரவேற்புரை, பிறகு பிரியாணி. மூன்று நாளில் பதினோரு சபை. விருந்தினர் கையில் பதினோரு சால்வை இருக்கும். ஒருவரோடும் பேசியிருக்க மாட்டார். நாள் ஒன்றுக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு மாலைப்பொழுதைச் சும்மா விடுங்கள். ஒரு வீட்டில் இட்லி சாப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பேசட்டும்.

ஆராதனையில் எழுப்பி, "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கை நீட்டுவது நம்மிடம் மரியாதை. சுற்றுலா விசாவில் வந்தவர் பிரசங்கம் செய்வது விசா விதியை மீறுவதாகும். ஆராதனையில் கலந்துகொள்ளத் தடையில்லை, மைக்தான் ஆபத்து. என்ன விசா என்று முதலிலேயே கேளுங்கள். சபையின் விருந்தினர் விடுதியில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை வெளிநாட்டினர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பது விடுதியின் பொறுப்பு.

மரியாதையின் இலக்கணம் ஊருக்கு ஊர் மாறும். சுவீடனில் பேராயரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் ஐயரை அவர்கள் பெயர் சொல்லி அழைத்தால் அவமதிப்பென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சபையாருக்குச் சொல்லிவையுங்கள். ஜெர்மானியர் முதல் சந்திப்பில் குடும்பப் பெயரோடுதான் பேசுவார்கள். டான்சானியாவிலிருந்து வருபவர் "ப்வானா அசிஃபிவே" என்பார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று பொருள். "ஆமேன்" என்று பதில் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகிவிடக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள செயின்ட் பால் சினாடும் டான்சானியாவின் இரிங்கா மறைமாவட்டமும் 1987 முதல் பங்காளர்கள். அந்த உறவுக்கு "பெகா க்வா பெகா" என்று சுவாஹிலியில் பெயர். தோளோடு தோள் என்று அர்த்தம். தலைமை அலுவலகத்தோடு நிற்காமல், ஒரு சபைக்கு ஒரு சபை என்று ஜோடி சேர்த்தார்கள். அதனால்தான் அது இத்தனை ஆண்டு தாங்கியது என்று நம்புகிறேன். அதிகாரி மாறினாலும் சபை மாறுவதில்லை.

7. "இல்லை" என்று சொல்லப் பழகுங்கள்

பணம் வாங்குகிற பக்கத்தில் இருப்பவர் மறுத்துப் பேசக் கூடாது என்று ஒரு எழுதாத விதி நம் மனதில் இருக்கிறது. அதை உடைத்தவர்கள் எத்தியோப்பியர்கள். 1972-ல் எத்தியோப்பியாவின் மெக்கானே யேசுஸ் சபை லுத்தரன் உலகக் கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் எழுதியது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தாராளமாகப் பணம் தருகிறீர்கள், சுவிசேஷ ஊழியத்துக்கும் சபைப் பணிக்கும் தரத் தயங்குகிறீர்கள். எங்களுக்கு மனிதன் ஒருவன்தான், உடலென்றும் ஆத்துமாவென்றும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அதன் சாரம். அப்போது பொதுச் செயலராக இருந்தவர் குடினா தும்சா. கடிதத்தை யாரும் குப்பையில் போடவில்லை. 1974-ல் நைரோபியில் அதற்கென்றே ஒரு கலந்தாய்வு கூடியது. 1979-ல் இராணுவ ஆட்சி குடினாவைக் கடத்திக் கொன்றது. அவர் எழுப்பிய கேள்வி இன்றும் லுத்தரன் சபைகளின் மேசையில் இருக்கிறது.

பேச்சு முறிந்ததும் உண்டு. திருமணம் பற்றிய போதனையில் ஏற்பட்ட வேறுபாட்டால் அதே சபை 2013-ல் சுவீடன் சபையோடும் அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபையோடும் ஐக்கியத்தை முறித்துக்கொண்டது. இப்படிப்பட்ட கேள்வி உங்கள் மேசைக்கும் வரும். அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது. அது பேராயரின் வேலை, மன்றத்தின் வேலை. உங்கள் வேலை, இரு பக்கத்தாரும் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோவது.

அன்றாட மறுப்பு இதைவிடச் சிறியது. "உங்கள் ஊருக்குச் சூரிய அடுப்பு தர நினைக்கிறோம்" என்று அன்பாக எழுதுவார்கள். எங்களுக்கு இப்போது வேண்டியது விடுதிக் கழிப்பறைக்குக் கதவு என்று எழுதுங்கள். நன்றியில் தொடங்குங்கள், காரணம் சொல்லுங்கள், மாற்று ஒன்றைக் கொடுங்கள். வாங்கி மூலையில் வைத்த அடுப்பு இரண்டு பக்கத்துக்கும் அவமானம்.

8. நீங்கள் அங்கே போனால்

லைப்சிக்குக்கோ ஜெனீவாவுக்கோ பயிற்சிக்கு அனுப்பப்படலாம். பத்து மணிக் கூட்டம் என்றால் 9.55-க்கு நாற்காலியில் இருங்கள். கூட்டத்தில் உங்கள் திட்டத்தை யாராவது விமர்சித்தால் அது திட்டத்தைப் பற்றியது மட்டுமே. அன்று மாலை அவரே உங்களோடு உட்கார்ந்து காபி குடிப்பார். "பார்க்கலாம்" என்று நாம் நாசூக்காக மறுப்பதை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள்.

ஜூலையில் சுவீடன் அலுவலகங்கள் ஏறக்குறைய காலியாக இருக்கும். எல்லோரும் கோடை விடுமுறையில் போய்விடுவார்கள். கையெழுத்து வேண்டுமானால் ஜூன் பாதிக்குள் வாங்கிவிடுங்கள். அதேபோல் நம் பொங்கல் வாரத்திலும் பாடுகளின் வாரத்திலும் இங்கிருந்து பதில் வராது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அவர்களுக்கு எழுதிவிடுங்கள்.

உதவி பெற வந்தவராக நடக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரிய ஆலயத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். அவர்களுக்கும் பாரங்கள் உண்டு. அவற்றைக் கேட்டு வந்து நம் சபைகளில் ஜெபிக்கச் சொல்வதும் உங்கள் வேலையில் ஒரு பாதி. அந்தப் பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

முதல் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியவை

- பங்காளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அத்தனையையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதுங்கள்.
- கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகளையும் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.
- பணம் போன இடங்களில் ஐந்துக்காவது, முன்கூட்டிச் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.
- பங்காளர் அலுவலகத்தில் ஒருவரோடு, பணம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒரு முறையாவது பேசுங்கள்.
- தவறிப்போன திட்டங்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று தொடங்குங்கள்.

அந்தக் கடைசிக் கோப்புதான் உங்களுக்குப் பின் வருபவருக்கு நீங்கள் விட்டுப்போகும் சொத்து. வெற்றிகள் ஆண்டு மலரில் அச்சாகிவிடும். தவறுகளை யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு. எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பின் முதல் தாள் தையல் வகுப்பின் வருகைப் பதிவேடு. புதிதாகச் சேருகிறவரிடம் மேசைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் அதைத்தான் கொடுக்கிறேன். இருபது பெயர்கள் இருக்கும். ஆறு பெயர்களுக்கு நேரே பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். ஓரத்தில் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை: பஸ் 5.00.